ஹேவ்லாக்கில் நான்கு டைவ்: ஸ்கூபா பயிற்சியில் எனக்குப் பிடிபட்ட இங்கிலீஷ்

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு கப்பல் கம்பெனி இன்டர்வியூவில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "ஹவ் லாங் ஹேவ் யூ பீன் வொர்க்கிங் தேர்?" நான் தூத்துக்குடியில் மீன் ஏற்றுமதிக்கான ஐஸ் பிளான்ட் ஒன்றில் மெக்கானிக். சேர்ந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. "ஐ வொர்க்ட் ஃபைவ் இயர்ஸ்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சரி, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். நான் வேலையை விட்டுவிட்டேன் என்று அவர் எடுத்துக்கொண்டது எனக்கு அப்போது புரியவில்லை. அடுத்த கேள்வியிலிருந்து எல்லாமே தடுமாற்றம்தான். வேலை கிடைக்கவில்லை.

அதன்பிறகு ஊரில் மூன்று மாத ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு 6,000 ரூபாய் கட்டிப் போனேன். சுவரில் பன்னிரண்டு கட்டம் போட்ட டென்ஸ் அட்டவணை இருந்தது. ஒரே மாம்பழத்தைப் பன்னிரண்டு கட்டத்திலும் சாப்பிட்டு எழுதினோம். அட்டவணை இன்றைக்கும் மனப்பாடம். பேசும்போது எந்தக் கட்டத்துக்குப் போகவேண்டும் என்பது மட்டும் வரவே இல்லை.

அது எனக்கு வந்த இடம் அந்தமானில் ஹேவ்லாக் தீவு. 2018-ல் பெயரை மாற்றி ஸ்வராஜ் தீவு ஆக்கினார்கள். படகுக்காரர்கள் இன்னும் ஹேவ்லாக் என்றுதான் சொல்கிறார்கள். இந்தப் பிப்ரவரியில் அங்கே ஓப்பன் வாட்டர் டைவர் என்ற ஸ்கூபா பயிற்சியை, அதாவது காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் போகும் பயிற்சியை, முடித்தேன். அதை இங்கிலீஷ் வகுப்பாக நினைத்து எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுக்கலாம். ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

நான் போன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் எங்கள் தாத்தா சங்கு குளித்தவர். மூச்சடக்கிப் போய் அள்ளிக்கொண்டு வந்த தலைமுறை அது. மாமா காலத்தில் படகில் கம்ப்ரசர் வந்துவிட்டது. நீளமான ஹோஸை வாயில் கவ்விக்கொண்டு கீழே போய் மணிக்கணக்கில் சங்கு பொறுக்குவார்கள். எனக்கு நீச்சல் தெரியும், கம்ப்ரசரும் தெரியும். ஆனால் வீட்டில் யாரும் என்னைக் கடலுக்குள் விடவில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முறையாகப் படித்து ஒருமுறையாவது கீழே போய்ப் பார்த்துவிடவேண்டும் என்பது பழைய ஆசை. இங்கிலீஷ் அதோடு சேர்ந்துகொண்டது.

பணம் கட்டும்போதே ஒன்று கேட்டேன்: "எனக்கு டைவிங்கும் வேண்டும், இங்கிலீஷும் வேண்டும். மெதுவாகப் பேசுங்கள், தப்பாகச் சொன்னால் திருத்துங்கள்." எனக்கு வந்த பயிற்சியாளர் புனேக்காரர், முன்பு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவர். அது என் அதிர்ஷ்டம். எல்லா டைவிங் கடையிலும் அப்படி அமையாது. ஆனால் இந்தக் கோரிக்கையை எங்கே போனாலும் வைக்கலாம். வைக்காவிட்டால் படகில் ஹிந்தியிலேயே முடிந்துவிடும்.

பாடத்திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) போன்ற டைவிங் பயிற்சி அமைப்புகளின் பாடத்திட்டப்படி உலகமெங்கும் நடக்கும் பயிற்சி இது. முதலில் போன் அல்லது டேப்லெட்டில் படிக்கும் பாடம், பிறகு ஆழமில்லாத தண்ணீரில் பழக்கம், பிறகு கடலில் நான்கு டைவ். முடித்தால் கூட டைவ் செய்யும் ஜோடியோடு 18 மீட்டர் வரை போகலாம். நான் சேர்ந்த கடையில் பாடம் ஐந்து பகுதி, கடைசியில் ஐம்பது கேள்வித் தேர்வு, தேற 75 சதவீதம். 200 மீட்டர் நீந்திக் காட்டவேண்டும், நேரக் கட்டுப்பாடு இல்லை. பத்து நிமிஷம் மிதந்து காட்டவேண்டும். நான் கொடுத்தது 29,500 ரூபாய். விமானம், கப்பல், சாப்பாடு தனி.

வார்த்தைகளிலிருந்து ஆரம்பிக்கிறேன். பயிற்சிக்குப் போகுமுன் நூறு புது வார்த்தை மனப்பாடம் செய்யவேண்டியிருக்கும் என்று பயந்தேன். முதல் நாள் சாமானை மேஜையில் பரப்பி வைத்ததும் எங்கள் வீட்டு அடுப்படிதான் ஞாபகம் வந்தது. சிலிண்டர், வால்வு, ரெகுலேட்டர், ஹோஸ், ரப்பர் வாஷர். கேஸ் அடுப்பில் இருக்கும் பாதி வார்த்தைகள் ஸ்கூபாவிலும் இருக்கின்றன, அதே வேலையைச் செய்கின்றன. கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டர் உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் குறைத்து அடுப்புக்கு அனுப்புகிறது. ஸ்கூபா ரெகுலேட்டர் சிலிண்டரின் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) அழுத்தத்தை இரண்டு கட்டமாகக் குறைத்து நம் மூச்சுக்கு ஏற்ற அளவில் வாய்க்குத் தருகிறது. ஃபேனுக்கு வேகம் கூட்டிக் குறைக்கும் குமிழையும் நாம் ரெகுலேட்டர் என்றுதானே சொல்கிறோம். 'ரெகுலேட்' என்றால் வேண்டிய அளவில் கட்டுப்படுத்தி விடுவது என்று அன்றைக்குத்தான் அந்த வினைச்சொல் எனக்குள் இறங்கியது. இருபத்தேழு வயது வரை பெயர்ச்சொல்லாகவே அதைச் சுமந்திருக்கிறேன்.

அதேபோல இன்னொரு ஜோடி, பிரெத் என்பதும் பிரீத் என்பதும். முதலாவது மூச்சு, இரண்டாவது மூச்சு விடு. எழுத்தில் கடைசியில் ஒரு 'ஈ' மட்டும்தான் வித்தியாசம். ஸ்கூபாவின் முதல் விதி: நெவர் ஹோல்ட் யுவர் பிரெத். மூச்சை ஒருபோதும் அடக்காதே. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே இழுத்த காற்றை அடக்கிக்கொண்டே மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழியலாம். மூச்சை அடக்குவதையே தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவன் நான். இந்த விதியைக் கேட்டதும் தாத்தாவுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டேன். தாத்தா கொண்டுபோனது மேலே இழுத்த காற்று, கீழே சுருங்கித் திரும்ப மேலே வரும்போது பழைய அளவுக்குத்தான் விரியும் என்றார் பயிற்சியாளர். கம்ப்ரசர் ஹோஸில் இழுப்பது அழுத்திய காற்று, அதற்கு இந்த விதி முழுக்கப் பொருந்தும் என்றும் சொன்னார். அதைக் கேட்டபின் எனக்குக் கொஞ்ச நேரம் பாடத்தில் மனசு போகவில்லை.

இனி காலங்கள். முதல் அடி தண்ணீருக்கு வெளியே, ஒரு காகிதத்தில் விழுந்தது. சேரும்போது உடல்நலப் படிவம் ஒன்று தருவார்கள். அதில் ஒரு வரி கண், காது, மூக்கு பற்றியது. "ஐ ஹேவ் ஹேட் பிராப்ளம்ஸ்" என்று ஆரம்பிக்கும். எனக்கு எட்டு வயதில் காதில் சீழ் வடிந்து, வருஷக்கணக்கில் வைத்தியம் பார்த்து ஆறிய கதை உண்டு. இப்போது ஒன்றும் இல்லை. எனவே 'நோ' போட இருந்தேன். அது சின்ன வயசு விஷயம்தானே, நோ போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் டாக்டர் சர்ட்டிபிகேட் அது இதென்று நேரம் போகும் என்று முன்மேஜைப் பையனும் சொன்னான். கடையின் பெயரை நான் இங்கே எழுதாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பயிற்சியாளர் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு என்னை உட்கார வைத்தார். "ஐ ஹேட்" என்றால் அது முடிந்துபோன கதை. "ஐ ஹேவ் ஹேட்" என்றால் பிறந்ததிலிருந்து இந்த நிமிஷம் வரை எப்போதாவது வந்ததுண்டா என்று கேட்கிறார்கள். எப்போது வந்தது என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. அதன் தழும்பு இன்றைக்கு உன் காதில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். அதே படிவத்தில் மருந்து பற்றிய வரி மட்டும் "ஐ ஆம் டேக்கிங்" என்று இருக்கிறது, அது இப்போது நடப்பதை மட்டும் கேட்கிறது. ஒரே தாளில் இரண்டு காலம், இரண்டுக்கும் காரணம் உண்டு. நான் 'யெஸ்' போட்டேன். திரும்பக் கப்பலேறி போர்ட் பிளேர் போனேன். அங்கே காது மூக்கு தொண்டை டாக்டர் தமிழிலேயே பேசினார். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதச் சொல்லி, செவிப்பறை அசைகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரு நாள் போனது. அந்த ஒரு நாளில் 'ஹேவ் ஹேட்' எனக்குள் இறங்கிய அளவுக்கு மூன்று மாத வகுப்பில் எதுவும் இறங்கவில்லை.

இரண்டாவது அடி படகின் ஓரத்தில். தண்ணீரில் குதிக்கும் முன் ஜோடியாக ஒருவர் சாமானை மற்றவர் சோதிக்கவேண்டும். மிதவைச் சட்டை, எடைக்கட்டு, கொக்கிகள், காற்று, கடைசியாக ஒருமுறை எல்லாம். என் ஜோடி போலந்திலிருந்து வந்த ஒரு நர்ஸ் அக்கா. அவருக்கும் இங்கிலீஷ் படித்து வந்த பாஷைதான், அதனால் இரண்டு பேரும் கூச்சமில்லாமல் தப்பு செய்தோம். அவர் கேட்டார்: "ஹேவ் யூ ஓப்பன்ட் யுவர் ஏர்?" நான் சொன்னேன்: "யெஸ், ஐ ஓப்பன்ட்." பயிற்சியாளர் நிறுத்தினார். என் ரெகுலேட்டரை வாயில் வைத்து, காற்றழுத்த மீட்டரைப் பார்த்துக்கொண்டே நான்கு முறை மூச்சு விடச் சொன்னார். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே விழுந்து விழுந்து எழுந்தது. வால்வு அரைகுறையாகத் திறந்திருக்கிறது என்று அர்த்தம். நான் திறந்தது நிஜம். படகில் சாமானை அடுக்கியபோது யாரோ அதை மூடி, திரும்பக் கொஞ்சமாகத் திறந்திருக்கிறார்கள்.

"ஓப்பன்ட்" என்று சொன்னால் நீ ஒரு காரியம் செய்தாய் என்று மட்டும் தெரியும், "ஹேவ் ஓப்பன்ட்" என்று சொன்னால் அதன் பலன் இப்போது கையில் இருக்கிறது என்று நீ உறுதி சொல்கிறாய் என்றார் அவர். அன்றைக்கு ராத்திரி குடிசையில் படுத்துக்கொண்டு இதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். திறந்தேன். திறந்துட்டேன். திறந்திருக்கேன். எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நம்மிடம் இது இருக்கிறது! அம்மா ஊருக்குக் கிளம்பும்போது "கேஸை மூடுனியா" என்று கேட்பதும், "கேஸ் மூடியிருக்கா" என்று கேட்பதும் வேறு வேறு கேள்வி. முதலாவதற்கு நான் ஆமா என்று சொல்லிவிட்டுப் போகலாம். இரண்டாவதற்கு அடுப்படிக்குப் போய்ப் பார்க்கவேண்டும். பள்ளியில் யாராவது ஒருத்தர் இந்த 'இரு'வைக் காட்டி, இங்கிலீஷ்காரனின் 'ஹேவ்' இது செய்யும் வேலையைத்தான் செய்கிறது என்று சொல்லியிருந்தால்!

ஆனால் இரண்டும் முழுக்கப் பொருந்தாது, அதையும் சொல்லவேண்டும். நாம் "நேத்து மழை பெஞ்சிருக்கு" என்போம், தரை ஈரமாக இருப்பதைப் பார்த்து ஊகித்து. இங்கிலீஷில் 'யெஸ்டர்டே' வந்துவிட்டால் 'ஹேவ்' வராது. இரண்டாம் நாள் லாக் புக்கில் "யெஸ்டர்டே ஐ ஹேவ் சீன் எ டர்ட்டில்" என்று எழுதினேன். ஹேவை அடித்து "ஐ சா" என்று திருத்தினார். நாள் குறித்துவிட்டால் அது முடிந்த கணக்கு. லாக் புக் முழுக்க அப்படித்தான் எழுதவேண்டும்: எத்தனை மீட்டர் போனோம், எத்தனை நிமிஷம் இருந்தோம், என்ன பார்த்தோம். ஆனால் யாராவது "ஹேவ் யூ எவர் சீன் எ டர்ட்டில்?" என்று கேட்டால், அதே ஆமைக்கு ஹேவ் திரும்ப வந்துவிடும்.

நிகழ்காலத்திலும் நமக்கு ஒரு குழி உண்டு. லைட்ஹவுஸ் என்ற டைவ் இடத்துக்குப் போன படகில், அக்காவின் சிலிண்டர் கழுத்தில் குமிழ் குமிழாகக் காற்று வருவதைப் பார்த்துவிட்டு "யுவர் ஏர் லீக்ஸ்" என்றேன். பயிற்சியாளர் கேட்டார், தினமுமா, இப்போதா? நாம் "கசியுது" என்று ஒரே வார்த்தையில் இரண்டையும் சொல்லிவிடுகிறோம். அவர்களுக்கு "லீக்ஸ்" என்றால் அதன் வழக்கமே அப்படி, "இஸ் லீக்கிங்" என்றால் இந்த நிமிஷம் கசிகிறது, உடனே கவனி. ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் ஒன்றை மாற்றியதும் குமிழ் நின்றது. ஐஸ் பிளான்ட் பதிவேட்டில் ஐந்து வருஷமாக 'அமோனியா லீக்ஸ்' என்று எழுதிவந்தவன் நான். திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதை மாற்றினேன்.

தண்ணீருக்குள்ளே பேச்சில்லை. இங்கிலீஷ் படிக்கப் போன இடத்தில் முக்கியமான நாற்பது நிமிஷம் வாயில் ரெகுலேட்டர். எல்லாம் சைகைதான். நம் ஊரில் கட்டைவிரலைத் தூக்கினால் சூப்பர். அங்கே அதற்கு மேலே போகலாம் என்று அர்த்தம், நன்றாக இருக்கிறேன் என்று காட்ட ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வளையமாக வைக்கவேண்டும். இந்த மௌனம் பெரிய உதவி என்று மூன்றாம் டைவில் கண்டுகொண்டேன். மேலே போனதும் என்ன சொல்லவேண்டும் என்று மனசு வாக்கியம் கட்டிக்கொண்டே இருக்கும். "வைல் வி வேர் ஸ்விம்மிங் அலாங் தி ரீஃப், எ பிக் குரூப்பர் கேம் அவுட்." பவளப்பாறை ஓரமாக நீந்திக்கொண்டிருந்தபோது பெரிய களவா ஒன்று வெளியே வந்தது. இதைக் கீழேயே நான்கு முறை திருத்தி வைத்திருந்தேன். படகேறி முகமூடியைக் கழற்றியதும் தடங்கல் இல்லாமல் வந்தது.

அந்தக் களவாவைப் பார்த்துக்கொண்டே இருந்ததில்தான் தப்பும் செய்தேன். சிலிண்டரில் 200 பார் காற்றோடு இறங்குகிறோம், 100 ஆனதும் ஜோடிக்குச் சொல்லவேண்டும், 50 மிச்சம் வைத்துப் படகுக்கு வரவேண்டும். நான் மீட்டரைப் பார்த்தபோது 70. ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நின்று மேலே வரும்போது 35. பயிற்சியாளர் திட்டவில்லை. "இஃப்" போட்டு ஒரு வாக்கியம் சொல் என்றார். காலையில் டைவுக்கு முன் அவர் சொன்ன இஃப் வேறு: "இஃப் யூ லூஸ் யுவர் படி, லுக் ஃபார் ஒன் மினிட், தென் கம் அப்." ஜோடியைத் தொலைத்தால் ஒரு நிமிஷம் தேடு, பிறகு மேலே வா. இனி நடக்கக்கூடியதைச் சொல்லும் இஃப், பின்னால் 'வில்' வராது, சாதாரண நிகழ்காலம்தான். நமக்கு "தொலைத்தால்" என்பதில் காலமே இல்லை, அதனால் எதிர்காலம்தானே என்று 'வில்'லைக் கொண்டுபோய் ஒட்டுகிறோம். நடக்காமல் போனதற்கு இஃப் வேறு. திக்கித் திக்கிச் சொன்னேன்: "இஃப் ஐ ஹேட் லுக்ட் அட் மை கேஜ், ஐ வுட் ஹேவ் டர்ன்ட் எர்லியர்."

சொல்லி முடித்ததும் தமிழில் மாற்றிப் பார்த்தேன். பார்த்திருந்தால், திரும்பியிருப்பேன். பார்த்து, இரு, ந்தால். திரும்பி, இரு, ப்பேன். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு துண்டுக்கு நேராக உட்கார்ந்தது. தேர்ட் கண்டிஷனல் என்று வகுப்பில் பயமுறுத்திய வாக்கியம், எங்கள் ஊரில் மீன் விலை இறங்கும்போதெல்லாம் எல்லா வாயிலும் வருகிற வாக்கியம்தான். "நேத்தே வித்திருந்தா நாலு காசு பாத்திருப்பேன்." அக்கா தன் பங்குக்கு, நீ சீக்கிரம் திரும்பியிருந்தால் நாம் ஆமையைப் பார்த்திருக்கலாம் என்று சொல்லப் பார்த்தார், "வுட் ஹேவ்" போட்டார். ஆமை அங்கே இருந்தது நிச்சயமா என்று கேட்டு, நிச்சயமில்லாவிட்டால் "மைட் ஹேவ்" என்று மாற்றினார் பயிற்சியாளர். பார்த்திருப்போம், பார்த்திருக்கலாம். இதுவும் நம்மிடம் தயாராக இருக்கிறது.

மீன் பெயர்களில் நானும் கொஞ்சம் கொடுத்தேன். அவர்கள் காட்டிய அட்டையில் பாரகுடா என்று இருந்தது எங்கள் சீலா. ட்ரெவாலி எங்கள் பாறை. கரன்ட் என்று அவர்கள் சொல்வதை எங்கள் ஆட்கள் நீவாடு என்பார்கள். அன்று நீவாடு பலமாக இருந்தது. "தி கரன்ட் வாஸ் ஸ்ட்ராங்" என்று எழுதும்போது, நீவாடு என்ற சொல் என் நோட்டில் பக்கத்திலேயே ஏறிவிட்டது. இரண்டு பக்கமாகக் கோடு போட்டு எழுதிய அந்த நோட்டில் இப்போது நூற்று எழுபது சொச்சம் வார்த்தை இருக்கிறது. ஒன்றைக்கூட உட்கார்ந்து மனப்பாடம் செய்யவில்லை.

குறைகள். முன்மேஜைப் பையன் படிவத்தில் பொய் எழுதச் சொன்னதை மன்னிக்க எனக்கு மனசில்லை, அது உயிர் சம்பந்தப்பட்டது. எனக்குத் தந்த ரப்பர் உடையின் ஜிப் பாதியில் நின்றது. மூன்றாம் டைவுக்கு எங்களை அனுபவசாலிகள் குழுவோடு சேர்த்து ஒரே படகில் ஏற்றினார்கள். அங்கே டைவுக்கு முந்திய விளக்கத்தை வேறொருவர், பலகையில் படம்கூடப் போடாமல், ஓடுகிற வேகத்தில் சொல்லி முடித்தார். எனக்குப் பாதிதான் புரிந்தது. கையைத் தூக்கித் திரும்பக் கேட்டேன். கேட்க வெட்கப்படும் ஆளாக இருந்தால் பாதி புரிந்ததோடு இறங்கியிருப்பேன். இங்கிலீஷ் படிக்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: படகில் புரியாததைப் புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள். அப்படி ஆட்டிவிட்டு இறங்குவது ஆபத்து.

இங்கிலீஷ் வகுப்பாகவும் இதற்கு எல்லை உண்டு. ஏ, ஆன், தி எனக்கு இன்னும் தகராறுதான். பேங்கில், ஆஸ்பத்திரியில் பேசும் வார்த்தைகள் இங்கே வராது. எழுத்துக்கூட்டிப் படிக்கவாவது தெரிந்திருக்கவேண்டும், அடியோடு ஆரம்பிப்பவர்களுக்கு ஆகாது. வீடியோ பாடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். நான் ஊரிலேயே பத்து நாள் முன்னால் ஆரம்பித்து ஒவ்வொரு பகுதியையும் மூன்று முறை பார்த்தேன். தேர்வில் ஐம்பதுக்கு 44. தண்ணீர் என்றாலே நடுக்கம் உள்ளவர்கள் முதலில் நீச்சல் குளத்துக்குப் போங்கள். ஊர் திரும்பும் டிக்கெட்டைக் கடைசி டைவுக்கு 18 மணிநேரம் கழித்துப் போடுங்கள், அதற்குமுன் விமானம் ஏறக்கூடாது. அதன் காரணம்தான் எனக்குக் கோர்ஸில் கிடைத்த மிகப் பெரிய பாடம்.

அழுத்திய காற்றை ஆழத்தில் இழுக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைகிறது. எவ்வளவு ஆழமோ, எவ்வளவு நேரமோ அவ்வளவு கரையும். மெதுவாக வந்தால் மூச்சுவழி வெளியேறும். வேகமாக வந்தால் கோலி சோடாவைத் தட்டியதுபோல் உள்ளேயே குமிழ் கட்டும். அது மூட்டில் நின்றால் வலி, தண்டுவடத்தில் நின்றால் கால் விழுந்துவிடும். நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதே என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். இதற்கு டீகம்ப்ரெஷன் சிக்னஸ் என்று பெயர். அந்தப் பக்கத்தைப் படித்தபோது டேப்லெட்டை மூடிவிட்டு வெளியே போய் மணலில் நின்றேன். பதினொரு வருஷத்துக்கு முன் மாமா ஒரு நாள் சங்குக்குப் போய்விட்டுச் சட்டென்று மேலே வந்தார். சாயங்காலம் இடது கால் மரத்தது. அன்றிலிருந்து கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். காற்றுபட்டுவிட்டது என்றார்கள், குளிர்ந்துவிட்டது என்றார்கள். அதனால்தான் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கடலுக்குள் விடுவதில்லை. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

கடைசி நாள் நர்ஸ் அக்காவிடம் இதைச் சொன்னேன். இங்கிலீஷில், முழுசாக, நடுவில் நிற்காமல். "ஹி கேம் அப் டூ ஃபாஸ்ட். ஹி ஹேஸ் வாக்ட் வித் எ ஸ்டிக் சின்ஸ் தென்." அன்று வந்தது 'கேம்', இன்றுவரை தொடர்வது 'ஹேஸ் வாக்ட்'. அவர் திருத்தவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்ததில் எனக்கும் காலம் ஞாபகத்தில் இல்லை. அந்த இன்டர்வியூ கேள்வியின் பதில் எப்படி இருந்திருக்கவேண்டும் என்பது கப்பலில் திரும்பும்போதுதான் தோன்றியது. "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்." இப்போது ஆறரை.

ஊருக்கு வந்ததும் மாமா வீட்டுக்குப் போய் நோட்டைக் காட்டி எல்லாம் சொன்னேன். நைட்ரஜன், குமிழ், ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம். இப்போது கம்ப்ரசரில் போகும் பையன்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்:

"மாப்ள, அன்னைக்கு மெதுவா வந்திருந்தா, இந்தக் கால் நல்லா இருந்திருக்குமா?"

அவர் கீழே எவ்வளவு நேரம் இருந்தார், எத்தனை மீட்டர் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

"இருந்திருக்கலாம் மாமா" என்றேன்.